ஒன்பதாம் அலையை ஹாலில் மாட்டலாமா?

அன்புள்ள ஐயா,

புது வீட்டு ஹாலுக்காக ரஷ்ய ஓவியர் ஐவசோவ்ஸ்கியின் ‘ஒன்பதாம் அலை’ ஓவியத்தின் பெரிய பிரிண்ட் ஒன்றை வாங்கி ஃபிரேம் போட்டுவிட்டேன். என் மாமியார் மாட்டவே விடமாட்டேன் என்கிறார். கப்பல் கவிழ்கிற படம் குடும்பத்துக்கு ஆகாதாம். அவர் மனதை நோகடிக்க விருப்பமில்லை. படத்தைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவைக்கவும் மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாட்டுங்கள், ஆனால் உங்கள் அத்தையின் சம்மதத்தோடு. தினமும் கண்ணில் படுவது மனதில் தங்கிவிடும் என்பதுதான் அவருடைய பயம். அது நியாயமான பயம்.

அவரைப் படத்துக்கு முன்னால் உட்காரவைத்து, கப்பல் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். கிடைக்காது. அது இரவிலேயே போய்விட்டது. மிச்சமிருப்பது முறிந்த பாய்மரமும், அதைப் பிடித்தபடி விடியலைப் பார்த்துவிட்ட சிலரும்தான். அலைகளில் ஒன்பதாவதுதான் ஆகப் பெரியது என்பது மாலுமிகளின் பழைய நம்பிக்கை. அந்த அலைக்கு மேலே அவ்வளவு இளஞ்சூடான சூரியனை வைத்திருக்கிறார் ஐவசோவ்ஸ்கி. 1850இல் வரைந்தது. கிரிமியாவின் துறைமுக ஊரான ஃபியோதோசியாவில் பிறந்தவர் அவர். அலையை நேரில் பார்த்து வரைய முடியாது என்று நம்பி, நினைவிலிருந்தே கடலை வரைந்தார்.

பிரெஞ்சு ஓவியர் ழெரிக்கோவின் ‘மெதூசாவின் தெப்பம்’ வாங்கியிருந்தீர்கள் என்றால் நான் அத்தை பக்கம்தான் நின்றிருப்பேன். அது நடந்த கதை. 1816இல் மெதூசா என்ற பிரெஞ்சுக் கப்பல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அருகே தரைதட்டியது. தெப்பத்தில் ஏற்றப்பட்ட சுமார் 147 பேரில், 13 நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 15 பேர். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்களே, அந்தப் படத்தில் அப்படியே தலையைக் கையில் தாங்கி ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் மகனின் உடல். தொடுவானத்தில் மீட்புக் கப்பல் புள்ளியாகத் தெரிகிறது, மற்றவர்கள் துணியை வீசுகிறார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் எழுத்து மேசைக்கு மேலே அதை மாட்டியிருந்தேன். அப்பா இறந்த வாரம் கழற்றிவிட்டேன். மகத்தான ஓவியம், ஆனால் அதோடு தினமும் சாப்பிட்டு எழுந்திருக்க என்னால் முடியவில்லை.

சரி, இடம். ஜன்னலுக்கு நேர் எதிரே வேண்டாம், கண்ணாடியில் ஜன்னல்தான் தெரியும். நேர் வெயில் பட்டால் நிறமும் வெளுத்துவிடும். பக்கச் சுவரில், சோஃபாவில் உட்காரும்போது சூரியன் கண்மட்டத்தைவிடச் சற்று மேலே வருகிற மாதிரி மாட்டுங்கள். அப்புறம், அலையின் முகட்டை உற்றுப் பாருங்கள். வெளிச்சம் தண்ணீருக்குள் புகுந்து அந்த இடம் பச்சையாகத் தெரியவேண்டும். வெறும் கருநீலமாக இருந்தால் கடையில் வேறு பிரிண்ட் கேளுங்கள். அத்தைக்கு முதலில் அந்தப் பச்சையைக் காட்டுங்கள்.