ஐந்து வாய்களும் நடுவில் ஒரு வெற்றிடமும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 47 வயது. சிங்கப்பூரின் ஈசூனில் கணவருடனும் தொடக்கக் கல்லூரியில் படிக்கும் மகளுடனும் வசிக்கிறேன். பகலில் கணக்கு வேலை. வார இறுதிகளில் எண்ணெய் வண்ண ஓவியம். முறையாகப் பயின்றவள் அல்லள் என்றாலும், பதினொரு ஆண்டுகளாக விடாமல் தீட்டி வருகிறேன்.

சென்ற ஆண்டு இறுதியில் ஒரு சமூக மன்றத்தில் நடந்த கண்காட்சியில் என் படங்கள் மூன்று இடம்பெற்றன. அவற்றில் ஒன்று, இங்குள்ள லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த என் அத்தையைப் பற்றியது. எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் மதிக்கும் மூத்த ஓவியர் ஒருவர் அதன் முன்னால் நின்று, சுற்றியிருந்த இருபது பேரும் கேட்கும்படி, "இது ஓவியம் இல்லையம்மா, நாள்காட்டிப் படம். பொழுதுபோக்குக்கு வரைபவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டால் உண்மையான கலைஞர்கள் எங்கே போவது?" என்றார். பலர் சிரித்தார்கள், என்னை அந்தக் கண்காட்சிக்கு அழைத்து வந்த தோழியும் சிரித்தார். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாக்கியமே வேடிக்கையாகச் சுற்றி வந்தது.

இரண்டு மாதம் தூரிகையைத் தொடவில்லை. பிறகு ஓர் இரவு, தூக்கம் வராமல் எழுந்து புதிய படம் ஒன்றைத் தொடங்கினேன். அதில் ஐந்து உருவங்கள் உள்ளன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வாய் மட்டுமே இருக்கிறது. நாக்குகள் தூரிகைகளாக நீண்டு, நுனியிலிருந்து சாம்பல் நிறம் சொட்டுகிறது. ஒருவருக்கு மட்டும் அந்த மூத்த ஓவியரின் கண்ணாடியையும் கைத்தடியையும் கொடுத்திருக்கிறேன். நடுவில் வெற்றிடம் இருக்கிறது. அங்கே என்ன வரைவதென்று தெரியவில்லை. "புண்ணை ஏன் கிளறுகிறாய், தூக்கிப் போடு" என்கிறார் கணவர். மகள் பார்த்துவிட்டுப் பயமாக இருக்கிறது என்றாள். இப்போது அது எங்கள் வீட்டின் ஷெல்டர் (பாதுகாப்பு) அறையில், அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவே, சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் அந்த மூத்த ஓவியரின் குரல்தான் கேட்கிறது. இந்தப் படத்தை முடிப்பது நல்லதா, கெடுதலா? முடித்தால் அடுத்த கண்காட்சியில் வைக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். உங்கள் கணவர் அக்கறையால் அப்படிச் சொல்கிறார், அவர் சொல்வதில் பாதி உண்மையும் உண்டு. ஒரே அவமானத்தை மனத்திற்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது வலியை நீட்டிக்கும். ஆனால் வரைவது எப்போதும் அப்படி ஓட்டிப் பார்ப்பதாகவே அமைவதில்லை. ஒரு மணி நேரம் வேலை செய்துவிட்டு எழும்போது, உட்கார்ந்தபோது தெரியாத ஏதோ ஒன்று படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது வேலை. அந்தக் கண்ணாடியை மட்டும் இன்னும் தத்ரூபமாக்கிவிட்டு எழுகிறீர்கள் என்றால், அதுதான் கிளறுவது.

பெல்ஜியத்தின் ஜேம்ஸ் என்சர் 1891இல் தீட்டிய சிறிய படம் ஒன்று பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. பள்ளி நோட்டுப் புத்தக அளவுதான். இரண்டு எலும்புக்கூடுகள் ஒரு கருவாட்டின் இரு முனைகளையும் பல்லால் கவ்வி இழுக்கின்றன. பிரெஞ்சில் அந்தக் கருவாட்டின் பெயரைச் சொன்னால் 'என்சரின் கலை' என்று காதில் விழும். ஆகவே கருவாடு அவரே, எலும்புக்கூடுகள் அவரைக் கிழித்த விமர்சகர்கள் என்று பலரும் பொருள் கொள்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது விமர்சகர்களை அவர் எலும்பாக்கியது அன்று, அதை யாரும் செய்யலாம். தம்மையும் உள்ளே கொண்டுவந்து, அதுவும் கருவாடாக, சிரித்துக்கொண்டே வைத்தாரே, அதுதான். உங்கள் படத்தில் ஐந்து வாய்களுக்கும் இடம் இருக்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லை.

கண்காட்சியைப் பற்றிக் கேட்டீர்கள். லண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் விஸ்லர் இரவு வானில் வாணவெடி சிதறுவதை வரைந்த ஓவியத்தை, பொதுமக்கள் முகத்தில் ஒரு பானை வண்ணத்தை வீசியதற்குச் சமம் என்று 1877இல் ஆங்கிலக் கலை விமர்சகர் ரஸ்கின் எழுதினார். விஸ்லர் வழக்குப் போட்டு, மறு ஆண்டில் வென்றார். கிடைத்த இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவும் சேர்ந்து அழுத்த, 1879இல் திவாலானார். கைத்தடியும் கண்ணாடியுமாக அடையாளம் தெரியும் ஒருவரைச் சுவரில் மாட்டுவதும் ஒருவகை வழக்குதான். வருகிறவர்கள் உங்கள் படத்தைப் பார்க்க மாட்டார்கள், அது யார் என்றுதான் பேசுவார்கள். அடையாளங்கள் நீங்கிய பிறகும் படம் நிற்குமானால் தாராளமாக வையுங்கள்.

இனி அந்த மூத்த ஓவியர் சொன்னதற்கு வருவோம். பொழுதுபோக்கு என்றது உங்களைப் பற்றிய தீர்ப்பு. ஓர் ஓவியத்தைப் பார்த்து அதை வழங்க எவருக்கும் உரிமையில்லை. சுவரைப் பற்றிய கவலை முழுக்க அவருடையது, அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. 'நாள்காட்டிப் படம்' என்பது மட்டுமே படத்தைப் பற்றிய பேச்சு. (அது வசவானதே எனக்கு வியப்பு. கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த தெய்வங்கள் நாள்காட்டிகள் வழியே வந்து எத்தனையோ வீட்டுப் பூசையறைகளில் தங்கிவிட்டன.) எனினும் அவர் அதன் மூலம் எதையோ சுட்டியிருக்கலாம்: நிழலே இல்லாத ஒளியாகவோ, அத்தை வேலையை விட்டுப் பார்வையாளரை நோக்கிப் புன்னகைப்பதாகவோ இருக்கலாம். படத்தை நான் பார்த்ததில்லை. உங்கள் நலம் விரும்பும், வரையத் தெரிந்த ஒருவரிடம் அந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். அவர் ஆமென்றால் அடுத்த படத்துக்குப் பயன்படும், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தூக்கமின்மை இத்தனை நாள் நீடிப்பதை நான் சிறிதாகக் கருதவில்லை. அருகிலுள்ள பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். எந்த நேரமாயினும் மனம் தாங்க முடியாத நிலைக்குப் போனால், மனநெருக்கடியில் உதவும் 'சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்' அமைப்புடன் 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். மகளிடம், எந்த வாயைப் பார்த்துப் பயந்தாள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவளுடைய விடை என்னுடைய அறிவுரையைவிட உதவக்கூடும்.

கடைசியாக, நீங்கள் விரைந்து கடந்துவிட்ட ஒரு செய்தி. மூத்த ஓவியருக்குப் பல வாக்கியங்களை ஒதுக்கிய உங்கள் கடிதத்தில், சிரித்த தோழிக்குக் கிடைத்தது அரை வாக்கியம். கண்ணாடி அணிந்தவர் யாரென்று நமக்குத் தெரிகிறது. மற்ற நான்கு வாய்களில் ஒன்று அந்தத் தோழியுடையதா? அப்படியானால் மூன்று மணிக்கு உங்களை எழுப்புவது அந்த முதியவரின் குரல்தானா என்று எனக்கு ஐயம். உங்களை மதிக்கச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தோழியிடமோ பேச முடியும். நடுவிலுள்ள வெற்றிடத்தை நிரப்பும் முன் அவரை ஒரு தேநீருக்கு அழையுங்கள். ஓவியத்தையும் அந்த முதியவரையும் பேச்சில் கொண்டுவர வேண்டாம். "அன்று நீ சிரித்தாய், எனக்கு வலித்தது" என்று சொல்லிவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.