யானைக்கு வச்ச கேமராவ வெளிநாட்டுக்கு அனுப்பணும்னா

கூடலூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார், சுருக்கி சொல்றேன். அவரும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து, ராத்திரி லயத்துப் பக்கம் (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) யானை வந்தா போனுக்கு அலர்ட் அனுப்புற ஒரு பெட்டி பண்றாங்க. உள்ள ஒரு தெர்மல் கேமரா (சூட்டை வச்சு இருட்டுலயும் பாக்கறது), ஒரு லோரா ரேடியோ (கொஞ்ச கரண்ட்ல தூரத்துக்கு சின்ன சேதி அனுப்பறது), ஒரு சின்ன போர்டு, அவ்வளவுதான். எஸ்டேட்காரங்க சில பேர் வாங்கி மாட்டியிருக்காங்க. இப்ப இலங்கையில ஒரு தோட்டக் கம்பெனி 12 பீஸ் கேக்குது. துபாய்ல ஒரு ட்ரேடர் 40 பீஸ் கேக்குறார், ஆனா அவருக்கு 30 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 30 ஃப்ரேம் ஓடுற கேமரா போட்டு வேணுமாம். போன வருஷம் நேபாளத்துல இருக்கற ஃப்ரெண்டுக்கு சாம்பிள் ஒண்ணு கூரியர்ல போயாச்சு. இந்த தடவை கூரியர்ல "ஸ்கோமெட்டா இல்லையான்னு லெட்டர் குடுங்க"ன்னு பெட்டிய திருப்பி விட்டுட்டாங்க, கஸ்டம்ஸ் ஏஜென்ட்டோ "ஹெச்எஸ் கோடு ஃப்ரீ தான், ஒண்ணும் இல்ல"ங்கறார். யார் சொல்றது சரின்னு கேள்வி. ஸ்கோமெட்னா, ஆயுத வேலைக்கும் உதவக்கூடிய பொருளை அனுமதி இல்லாம ஏற்றுமதி பண்ணக் கூடாதுன்னு இந்திய அரசு வச்சிருக்கற லிஸ்ட்.

கூரியர்காரங்க சொல்றதுதான் சரி தம்பி. ஏஜென்ட் சொல்றது பொய் இல்ல, பாதி. ஹெச்எஸ் கோடு கஸ்டம்ஸ்ல பொருளுக்கு நம்பர் போட்டு பேர் வைக்கறது மாதிரி, கேமரான்னா 8525, அதோட போச்சு. ஸ்கோமெட் லிஸ்ட் பேரைப் பாக்கறதே இல்ல, அந்த பொருளால என்ன செய்ய முடியும்னு பாக்குது. ஒரே 8525-க்குள்ள கல்யாண வீட்டுல வீடியோ எடுக்கற கேமராவும் இருக்கும், ராத்திரி எல்லையில ஆள் நடமாட்டம் பாக்குற கேமராவும் இருக்கும், கோடு ஒண்ணுதான், ரூல் வேற வேற.

நான் பெரும்பாலும் பாத்தது குன்னூர் டீத்தூள் பேப்பர்தான். டீ போர்டு எக்ஸ்போர்ட் லைசென்ஸ், எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், ஐஇசிங்கற ஏற்றுமதி-இறக்குமதி நம்பர், மருந்து எச்சம் டெஸ்ட், இதுக்கே ஓட்டம் சரியா இருக்கும், ஆனா டீத்தூளை வச்சு யாரும் யாரையும் குறி பாக்க முடியாதுல்ல, அதனால ஸ்கோமெட் பக்கம் போக வேண்டிய வேலை வரல. நம்ம ஊர்ல இந்த மாதிரி ரூல்னாலே அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரிக்குத்தான்னு ஒரு நினைப்பு இருக்கு. வெடிமருந்து, துப்பாக்கி அதெல்லாம் அந்த லிஸ்ட்ல ஆறாவது கேட்டகரி, டிஃபென்ஸ் புரொடக்‌ஷன் டிபார்ட்மென்ட் பாக்குது. அணுசக்தி சமாச்சாரம் பூஜ்யம்னு நம்பர் போட்ட கேட்டகரி. உங்களை மாதிரி சின்ன ஆளுங்க மாட்டுறது எட்டாவது கேட்டகரியில, அதுல எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், சென்சார், லேசர்னு சாதாரண கடையில கிடைக்கற மாதிரி தெரியற பொருளெல்லாம் இருக்கு. 2017 டிசம்பர்ல இந்தியா வாசெனார் ஒப்பந்தத்துல சேந்துச்சு, ஆயுதமும் ஆயுதத்துக்கு உதவற பொருளும் ஏற்றுமதியாகறதை நாடுங்க சேந்து கட்டுப்படுத்துற ஏற்பாடு அது, அதுல ஆயுதம் அல்லாத பொருளோட லிஸ்ட்தான் இங்க எட்டாவது கேட்டகரியா இருக்கு. 2023 ஏப்ரல்ல வந்த வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில பத்தாவது அத்தியாயம் முழுக்க இதுதான், டிஜிஎஃப்டி (மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) சைட்ல இலவசமா கிடைக்குது, ஒரு தடவை உக்காந்து படிச்சிடுங்க, தூக்கம் வரும், பரவால்ல.

இப்ப உங்க பெட்டி. 8ஏ6-ன்னு ஒரு பகுதி இருக்கு, சென்சாரும் லேசரும் அதுல வருது. கூலிங் இல்லாத தெர்மல் கேமராவும் அதுக்குள்ளதான். ஆனா கீழ குறிப்புல சில விலக்கு குடுத்திருக்காங்க, அதுல உங்களுக்கு உயிர்நாடி, செகண்டுக்கு 9 ஃப்ரேம் இல்ல அதுக்கும் கீழ ஓடுற கேமராவுக்கான விலக்கு. தெர்மல் கேமரா விக்கிற கம்பெனிங்க ஒரே மாடலை 9 ஹெர்ட்ஸ், 30 ஹெர்ட்ஸ்னு ரெண்டா விக்கறது எதுக்குன்னு யோசிச்சிருக்கீங்களா, பெரும்பாலும் இதுக்குத்தான். வேகமா அசையறத விடாம பின்தொடர 9 ஃப்ரேம் பத்தாது, நம்ம யானைக்கு தாராளமா போதும். தேவர்சோலை ரோட்டுல மெதுவா வாழைமரத்தைத் தின்னுகிட்டு வர்றவருக்கு 30 ஃப்ரேம் எதுக்கு?

அதனால முதல் வேலை, கேமரா டேட்டாஷீட்டை எடுத்து ஃப்ரேம் ரேட்டு, ரெசல்யூஷன், லென்ஸ் இதெல்லாம் 8ஏ6 வாசகத்தோட வரி வரியா வச்சுப் பாத்து ஒரு பக்கம் எழுதுங்க. இன்ன மாடல், இன்ன விலக்கு பொருந்துது, யார் பாத்தது, என்னிக்கு, கையெழுத்து. கூரியர்ல கேட்ட லெட்டருக்கு இதுதான் ஆதாரம். ஃபர்ம்வேர் (கேமராவுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) மாத்தினா அதே கேமரா 30-ல ஓடும்னா அதையும் மறைக்காம எழுதணும், அப்படி இருந்தா தெரிஞ்ச ஆள்கிட்ட காட்டாம நீங்களா விலக்குன்னு முடிவு பண்ணாதீங்க.

ரேடியோவுக்கு வருவோம். லோரா ரேடியோவ லோராவான் முறையில ஓட்டினா ஏஇஎஸ் 128 பிட் என்க்ரிப்ஷன் (சேதியைப் பூட்டி அனுப்பறது) இருக்கும், ஸ்கோமெட் லிஸ்ட்டோட 8ஏ5-ல ரெண்டாவது பாகம் 56 பிட்டுக்கு மேல போனாலே எட்டிப் பாக்கும். பயப்பட வேணாம், பொருளோட முதன்மை வேலை கம்யூனிகேஷனோ டேட்டா பாதுகாப்போ இல்லேன்னா அதுக்குத் தனி விலக்கு இருக்கு, உங்க பெட்டியோட வேலை யானை பாக்கறது. அந்த ஒரு பக்கத்துலயே ரெண்டு வரி இதையும் சேத்துருங்க. இன்னொண்ணு, இங்க 865-ல இருந்து 868 மெகாஹெர்ட்ஸ் லைசென்ஸ் இல்லாம ஓடுதுன்னு எல்லா நாட்டுலயும் ஓடும்னு நினைக்காதீங்க, இலங்கையில டிஆர்சி, அதாவது அங்க உள்ள தொலைத்தொடர்பு ஆணையத்தோட அப்ரூவல் வாங்கணும், அதை வாங்கறவங்களையே எடுக்கச் சொல்லுங்க, ஆர்டர்லயே அப்படி எழுதி வாங்கிக்குங்க.

கேமரா கோர் (உள்ள இருக்கற சென்சார் பாகம்) எங்க வாங்கினீங்கன்னு நீங்க எழுதல. அமெரிக்க கம்பெனி சரக்குன்னா இன்வாய்ஸ்ல ஈசிசிஎன்னு ஒரு அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு நம்பர் இருக்கும், 6ஏ993-ன்னு இருந்தா ஓரளவு நிம்மதி, 6ஏ003-ன்னு இருந்தா உஷார். அவங்க சட்டம் சரக்கு கூடவே வரும், கூடலூர்ல பெட்டிக்குள்ள போட்டு வேற நாட்டுக்கு வித்தாலும் அது மறு ஏற்றுமதின்னு கணக்கு. சப்ளையருக்கு ஒரு மெயில் போட்டு, இந்த நாட்டுக்கு இந்த உபயோகத்துக்கு விக்கலாமான்னு எழுத்துல பதில் வாங்கிடுங்க, போன்ல சொன்னா செல்லாது.

இலங்கை ஆர்டர் நல்ல ஆர்டர் மாதிரிதான் தெரியுது. எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், எத்தனை டவர், யார் மாட்டப் போறாங்க, வேற யாருக்கும் கைமாத்த மாட்டோம், இத்தனையும் அவங்க லெட்டர்ஹெட்ல கேளுங்க. விலக்குல வர்ற பொருளுக்கு இது கட்டாயம் இல்லதான், இருந்தாலும் வாங்கி ஃபைல்ல போடுங்க. ஒரு தோட்டத்துக்காரருக்கு தன் தோட்டம் எங்கன்னு எழுதிக் குடுக்கறதுல என்ன கஷ்டம்?

துபாய் ஆர்டர்தான் எனக்கு உறுத்துது. உங்க மெயில்ல நீங்க சாதாரணமா எழுதியிருக்கறத நான் ரெண்டு தடவை படிச்சேன். 30 ஹெர்ட்ஸ் வேணும், லோரா வேணாம், ஸ்டிக்கர் வேணாம், மாட்டித் தர வேணாம், வாரண்டியும் வேணாம், முழு பணமும் அட்வான்ஸா வேற ஒரு நாட்டு பேங்க்ல இருந்து வரும், சரக்கை ஒரு ஃபார்வர்டர் (சரக்கை வேற இடத்துக்கு அனுப்பி விடற கம்பெனி) கோடவுன்ல இறக்கணும். யானை அலர்ட் பெட்டியில யானை அலர்ட்டை எடுத்துட்டா மிச்சம் என்ன? கேமராதானே. துபாய் கம்பெனின்னா தப்புன்னு சொல்ல வரல, அங்க நேர்மையா யாவாரம் பண்றவங்க எத்தனையோ பேர், ஆனா கடைசியில யார் கையில போகுதுன்னு சொல்லாத ட்ரேடருக்கு இந்த சரக்கு விக்கக் கூடாது. 30 ஹெர்ட்ஸ்னா 9 ஹெர்ட்ஸ் விலக்கு போச்சு, வேற விலக்கு எதுவும் பொருந்தலன்னா டிஜிஎஃப்டி ஆத்தரைசேஷன் இல்லாம கப்பல் ஏறாது. அதுக்கு விண்ணப்பம் ஆன்லைன்ல, டெல்லிக்குப் போகும், கோயம்புத்தூர் ஆபீஸ்ல முடியற வேலை இல்ல. பல மினிஸ்ட்ரி ஆளுங்க சேந்த ஒரு குழு பாக்கும், கடைசி உபயோகிப்பாளர் கையெழுத்து போட்ட சர்டிஃபிகேட் கேப்பாங்க, மாசக்கணக்கு ஆகும்னு வச்சுக்குங்க. லிஸ்ட்லயே இல்லாத பொருளா இருந்தாலும் அது பேரழிவு ஆயுத வேலைக்குப் போகும்னு உங்களுக்குத் தெரிஞ்சா, இல்ல சந்தேகம் வந்தா, அப்பவும் அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, 2005-ல வந்த தனிச் சட்டமே உண்டு. அவங்க பேரை ஐநா தடை லிஸ்ட்லயும் அமெரிக்க லிஸ்ட்லயும் போட்டுத் தேடுங்க, ரெண்டும் நெட்ல இலவசம். பேர் வரலன்னா நல்லவர்னு அர்த்தம் இல்ல, வந்தா அன்னிக்கே கதவை சாத்திடலாம், அதுக்குத்தான்.

நேபாளம் சாம்பிள். இலவசமா குடுத்தாலும் டெமோவுக்கு அனுப்பினாலும் அது ஏற்றுமதிதான், ஃப்ரெண்டுங்கற சலுகை கிடையாது. போனது 9 ஹெர்ட்ஸ்னா அந்த ஒரு பக்கத்தை இப்ப எழுதி இன்னிக்குத் தேதி போட்டு வைங்க, தயவு செஞ்சு பழைய தேதி போடாதீங்க, சின்ன பிரச்சினைய பெரிசாக்கறதுக்கு அதை விட சுலபமான வழி இல்ல. 30 ஹெர்ட்ஸ் போயிருந்தா, விலக்கும் எதுவும் இல்லேன்னா, டிஜிஎஃப்டியில தானா முன்வந்து சொல்றதுக்குன்னே ஒரு வழி வச்சிருக்காங்க, ஒரு வக்கீலைப் பாத்துட்டு அதுல போங்க. வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்துல பொதுவான அபராதம் குறைஞ்சது பத்தாயிரம் ரூபா, கூடினா சரக்கு மதிப்புல அஞ்சு மடங்கு, ஸ்கோமெட் பொருளுன்னா 2005 சட்டப்படி தண்டனை இதை விடக் கடுமையா இருக்கலாம். நீங்களா போய்ச் சொல்றதுக்கும் அவங்க கண்டுபிடிக்கறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

கட்டுப்பாட்டுல வர்ற பொருளுன்னா அதோட சாஃப்ட்வேர், டிராயிங் இதையெல்லாம் மெயில்ல அனுப்பறதும் ஏற்றுமதிக் கணக்குலதான் வரும். பெட்டி போகல, சாஃப்ட்வேர் கோடு மட்டும்தான போச்சுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. ட்ரோன்ல இதை மாட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. 2023-ல 25 கிலோமீட்டர் தூரம், 25 கிலோ பாரத்துக்குள்ள வர்ற சிவில் ட்ரோனுக்கு பொது அனுமதின்னு ரூலை லேசாக்கினாங்க, ஆனா மேல மாட்டுற கேமராவைத் தனியா பாக்கணும், அந்த ஆசைய அடுத்த வருஷம் வச்சுக்கலாம்.

மிச்சமெல்லாம் வழக்கமான வேலை. ஐஇசி 500 ரூபா, ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள வருஷா வருஷம் அப்டேட் பண்ணலேன்னா டீஆக்டிவேட் ஆயிடும், நம்ம மலையில பாதிப்பேர் இதுலதான் மாட்டுவாங்க. ஜிஎஸ்டி எல்யூடி (வரி கட்டாம ஏற்றுமதி பண்ண குடுக்கற உறுதிமொழி) வருஷத்துக்கு ஒரு தடவை, ஏடி கோடு (உங்க பேங்க் குடுக்கற நம்பர்) எந்த போர்ட்டோ அங்க பதியணும். எல்லா பேப்பரையும் அஞ்சு வருஷம் வைங்க, ஈரம் ஏறாத இடமா பாத்து, ஜூலை மழையில கூடலூர் பீரோவுக்குள்ள ஃபைல் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், ஸ்கேன் பண்ணி இன்னொரு இடத்துலயும் போட்டுருங்க.

துபாய்க்காரருக்கு இன்னிக்கே ரெண்டு வரி மெயில் போடுங்க: கடைசியா யார், எங்க, எதுக்கு உபயோகிக்கப் போறாங்கன்னு அவங்க லெட்டர்ஹெட்ல வேணும், அது வர்ற வரைக்கும் பணம் அனுப்ப வேணாம். பதில் வந்தா எனக்கும் அனுப்புங்க, பாக்கறேன்.