மீந்ததை வைத்து ஒரு கன்டோன்மென்ட் விருந்து: கேள்வி பதில்

பிரிட்ஜில் மீந்து கிடப்பதை வைத்து, அறுபது எழுபதுகளின் பெங்களூர் கன்டோன்மென்ட் (வெள்ளைக்காரர் காலத்து ராணுவப் பகுதி) பாணியில் ‘கறி அண்ட் ரைஸ்’ விருந்து போடலாம் என்று சொல்லி வைத்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. இந்தப் பக்கம் கேட்டரிங் வேலையில் பல வருஷம் இருந்தவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

காக்ஸ் டவுனிலிருந்து: அக்கா, அந்தக் கறிக்கும் நம்ம வீட்டுக் குழம்புக்கும் என்ன வித்தியாசம்?

புளி கிடையாது, தாளிப்பு கிடையாது. வெங்காயத்தை வதக்கி, கறிப்பொடி போட்டு, ஒரு ஸ்பூன் மைதா தூவி, எலும்பு வேகவைத்த தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிடுவார்கள். துருவிய ஆப்பிள், கொஞ்சம் உலர்திராட்சை, ஒரு கரண்டி இனிப்பு மாங்காய்ச் சட்னி உள்ளே போகும். நல்ல மஞ்சளாக, லேசான இனிப்போடு, காரம் சாதுவாக இருக்கும். தட்டின் நடுவில் சோறு, அதன் மேல் கறி. மேஜை முழுக்கச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் தேங்காய்த்துருவல், கடலை, வாழைப்பழம், அப்பளம். அவரவர் இஷ்டத்துக்கு அள்ளித் தூவிக்கொள்ள வேண்டியதுதான்.

மீந்ததற்கும் இதற்கும் உறவு பழையது. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் செய்த இறைச்சியில் மீந்தது அடுத்த நாள் கறியாகிவிடும். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் புத்தகங்களில் ஆறிப்போன இறைச்சியை என்ன செய்வது என்பதற்கே தனிக் குறிப்புகள் உண்டு. கறி அதில் தவறாது. நாம் ஹோட்டலில் காசு கொடுத்துச் சாப்பிடும் ஜால்ஃப்ரேஸியும், இங்கிருந்த வெள்ளைக்காரர் வீடுகளில் ஆறிய இறைச்சியை வெங்காயம், மிளகாயோடு வதக்கியதிலிருந்து வந்ததுதான்.

அல்சூரிலிருந்து: மீந்த தந்தூரி சிக்கனைக் குழம்பில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டேன். நார் நாராகிவிட்டது. ஏன்?

முக்கால்வாசிப் பேர் கேட்டது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏற்கெனவே வெந்த இறைச்சியைத் திரும்பக் கொதிக்கவிட்டால் அதில் மிச்சமிருக்கும் ஈரமும் வெளியேறிவிடும். எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தாலும் சாறு உள்ளே ஏறாது. ஆகவே குழம்பு புதிது, இறைச்சி பழையது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழம்பு முழுதாகத் தயாரான பிறகுதான் இறைச்சி சட்டிக்குள் போகவேண்டும்.

நாலு பேருக்கு அளவு: பெரிய வெங்காயம் இரண்டு, பொடியாக நறுக்கியது. இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெயில் மிதமான தீயில், ஓரம் பழுப்பாகும்வரை வதக்குங்கள். இதில் அவசரம் கூடாது. இஞ்சி பூண்டு விழுது ஒரு மேஜைக்கரண்டி, கறிப்பொடி ஒன்றரை மேஜைக்கரண்டி. பொடி விழுந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள், கருகினால் கசக்கும். பிறகு ஒரு மேஜைக்கரண்டி மைதா. முதலில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரியும். கிளறக் கிளற எண்ணெயில் கரைந்து, சட்டியின் அடியில் மெல்லிய படலமாக ஒட்ட ஆரம்பிக்கும். அப்போது எலும்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், மொத்தம் அரை லிட்டர். ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டும். ஆப்பிள், திராட்சை, சட்னி, உப்பு சேர்த்து 20 நிமிஷம் சிறுதீயில் விடுங்கள். கடைசி ஐந்து நிமிஷத்துக்குத்தான் கறித்துண்டுகள். முழுக்க ஆவி பறக்கச் சூடானதும் இறக்கி, எலுமிச்சை பிழியுங்கள்.

எலும்புத் தண்ணீருக்கு வேறெங்கும் போகவேண்டாம். அந்தத் தந்தூரியில் சதையைப் பிய்த்தது போக மிச்ச எலும்பை மிளகு, ஒரு துண்டு வெங்காயத்தோடு அரை மணி வேகவிட்டால் போதும். கரி வாசம் கொஞ்சம் இறங்கும்; எனக்கு அது பிடிக்கும்.

பிரேசர் டவுனிலிருந்து: கறிப்பொடி கடையில் வாங்கவா? சாம்பார் பொடி போதாதா?

சாம்பார் பொடி வேண்டாம். அதிலுள்ள பருப்பும் பெருங்காயமும் எதில் போட்டாலும் சாம்பாராக்கிவிடும். கரம் மசாலாவும் வேண்டாம், அது பிரியாணி பக்கம் இழுக்கும். கறிப்பொடி வெள்ளைக்காரர்களின் வசதிக்குப் பிறந்த பொருள். 1784-லேயே லண்டனில் அதற்கு விளம்பரம் வந்திருக்கிறது. வீட்டிலேயே அரைக்கலாம்: மல்லி நாலு மேஜைக்கரண்டி, சீரகம் ஒன்று, வெந்தயம் ஒரு டீஸ்பூன், மிளகு ஒரு டீஸ்பூன், கடுகு அரை, காய்ந்த மிளகாய் நாலு. லேசாக வறுத்து, மஞ்சள்தூள் ஒரு மேஜைக்கரண்டியும் கொஞ்சம் சுக்கும் சேர்த்துப் பொடியுங்கள். வெந்தயமும் மஞ்சளும் தூக்கலாக இருந்தால்தான் அந்தப் பழைய டப்பா வாசம் வரும்.

ஜீவன்பீமா நகரிலிருந்து: சாம்பார், ரசம், பீன்ஸ் பொரியல் மூன்றும் மீந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடலாமா?

கல்யாண வீட்டில் மீந்ததை எல்லாம் ஒரே அண்டாவில் கொட்டிச் சுண்டவைக்கும் சுண்டக்கறி ருசி தனி, மறுக்கவில்லை. அது இந்த மேஜைக்கு ஒத்துவராது.

சாம்பாரைத் தொடாதீர்கள், நாளைக் காலை இட்லிக்கு ஆகட்டும். ரசத்தை விடாதீர்கள்! மிளகு ரசமாக இருந்தால் வேகவைத்த பருப்பு ஒரு கரண்டி, மீந்த சோறு ஒரு கரண்டி சேர்த்து மசித்து வடிகட்டிச் சூடாக்குங்கள். தீயை அணைத்த பிறகு கெட்டித் தேங்காய்ப்பால் அரைக் கப். பால் ஊற்றிய பிறகு கொதித்தால் திரிந்துவிடும். மேலே நாலு இழை பிய்த்த சிக்கன். கிளப்களில் ‘முல்லிகட்டானி’ என்று வந்த சூப் நம்ம மிளகுத் தண்ணியின் பேரன்தான். சூப் கிண்ணம் இல்லாவிட்டால் டீ கப்பில் ஊற்றிக் கொடுங்கள், இன்னும் அழகு.

பொரியலை வடிகட்டியில் போட்டு வெந்நீர் விட்டு உதறுங்கள். தேங்காயும் கடுகும் போய் வெறும் காய் நிற்கும். அது கறிக்குள் போகலாம்.

சி.வி. ராமன் நகரிலிருந்து: நாங்கள் சைவம். இந்த விளையாட்டில் எங்களுக்கு இடமில்லையா?

இருக்கிறது. இங்குள்ள ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் மஞ்சள் சோறு, ‘பால் கறி’ (குடிக்கிற பால் இல்லை, உருண்டை என்ற பொருளில் ஆங்கில ball) என்று ஒரு ஜோடி உண்டு: தேங்காய்ப்பாலில் வெந்த மஞ்சள் சோறும், கொத்துக்கறியை உருட்டிப் போட்ட குழம்பும். கூடவே வெங்காயம், மிளகாய், வினிகர், சர்க்கரை அரைத்த சிவப்பான டெவில் சட்னி. அந்த உருண்டையின் இடத்தில் மீந்த மசால் வடையை வையுங்கள். வடகறி சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எலும்புத் தண்ணீருக்குப் பதில் காய் வேகவைத்த தண்ணீர். வடையைப் பரிமாறும் நேரத்தில் மட்டும் போடுங்கள், ஊறினால் உதிரும். மீந்த இட்லியைத் துண்டாக்கி நெய்யில் முறுகலாக வறுத்து ஒரு கிண்ணத்தில் வைத்தால் முதலில் காலியாவது அதுதான்.

காக்ஸ் டவுனிலிருந்து மறுபடியும்: பழைய படங்களில் சோறு வளையமாக நிற்கிறதே, எப்படி?

நடுவில் குழாய் உள்ள கேக் டின். உள்ளே வெண்ணெய் தடவி, சூடான சோற்றைக் கரண்டியால் அழுத்தி நிரப்பி, ஐந்து நிமிஷம் விட்டுத் தட்டில் கவிழ்ப்பது. நடுக்குழியில் கறி. பாஸ்மதி உதிரும், நம்ம சோனா மசூரி நன்றாகப் பிடித்து நிற்கும். பிரிட்ஜ் சோறு விறைத்திருக்கும், அப்படியே அழுத்தினால் நிற்காது. நெய்யில் பட்டை, கிராம்பு, கால் ஸ்பூன் மஞ்சள் போட்டு, மூன்று கப் சோற்றுக்குக் கால் கப் தேங்காய்ப்பால் தெளித்து மூடிவைத்துச் சூடாக்குங்கள். மஞ்சள் சோறும் ஆயிற்று, வளையமும் ஆயிற்று. டின் இல்லையா? ஆளுக்கொரு கிண்ணம் கவிழ்த்துவிடுங்கள்.

அல்சூரிலிருந்து: நேற்று ராத்திரிச் சோறு வெளியிலேயே இருந்துவிட்டது. பெங்களூர் குளிர்தானே, பரவாயில்லையா?

கொட்டிவிடுங்கள். டிசம்பர் ராத்திரியில்கூட நம் சமையலறை பிரிட்ஜ் ஆகிவிடாது. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வெந்த பிறகும் பிழைத்திருக்கும். சோறு வெளியில் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது, வாந்திதான். சோறு மீந்தால் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்து, மறுநாளே முடியுங்கள். ஒரு முறைக்கு மேல் சூடுபண்ணாதீர்கள். தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிடும் பழையசோறு வேறு கணக்கு, அதை இதோடு குழப்பவேண்டாம்.

பானசவாடியிலிருந்து: கிண்ணங்களில் என்னென்ன வைக்கலாம்?

தேங்காய்த்துருவல், வறுத்த கடலை, வினிகரில் ஊறிய வெங்காயம், துருவிய அவித்த முட்டை, அன்னாசி, அப்பள நொறுக்கு என்பதெல்லாம் வழக்கமான கோஷ்டி. பெங்களூரில் இருந்துகொண்டு காங்கிரஸ் கடலையை விடலாமா? அந்த மிளகுக் காரமும் கறிவேப்பிலையும் இனிப்புக் கறிக்கு அவ்வளவு பொருத்தம். வாழைப்பழத்துக்கு ஏலக்கி, கனியாமல் கொஞ்சம் காயாக இருக்கும்போதே வட்டமாக நறுக்கி எலுமிச்சை தடவுங்கள், கறுக்காது. டப்பாவின் அடியில் கிடக்கும் மிக்சர், சிப்ஸ் தூளுக்கும் இன்று யோகம். ஏழெட்டுக் கிண்ணம் போதும். அதற்கு மேல் போனால் கழுவுகிறவர் பாவம்.

பெயர் சொல்ல விரும்பாத மருமகள்: மாமனார் “குழம்பில் பழமா?” என்று தட்டைத் தள்ளிவிடுவார். என்ன செய்ய?

குழம்பில் ஆப்பிளை அரைத்துச் சேருங்கள், திராட்சையைக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். அவர் பக்கத்தில் ஊறுகாய் ஜாடியை வையுங்கள். வாதாடவேண்டாம்.

சிவாஜிநகரிலிருந்து: வெள்ளைக்காரன் கெடுத்துவைத்த குழம்பை நாம் ஏன் கொண்டாடவேண்டும்?

கொண்டாடவேண்டாம், சாப்பிட்டுப் பாருங்கள். கன்டோன்மென்ட் 1809-ல் வந்தது. சென்னை ராணுவத்தின் பின்னாலேயே தமிழ் பேசுகிறவர்கள் இங்கே வந்து குடியேறினார்கள். அந்த பங்களாக்களின் அடுப்படியில் நின்றவர்களிலும் நம்ம ஆட்கள் நிறைய. துரைக்கு எவ்வளவு காரம் தாங்கும் என்று பார்த்து மிளகாயைக் குறைத்த கை தமிழ்க் கையாகவும் இருந்திருக்கும். இதை நம்ம குழம்போடு ஒப்பிட்டால் தோற்றுத்தான் போகும். தனிச் சாப்பாடாகப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

ஜீவன்பீமா நகரிலிருந்து: அடுப்பே பற்றவைக்காமல் ஏதாவது?

1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விருந்துக்காக லண்டனில் செய்த கொரனேஷன் சிக்கன் இருக்கிறது. அசலில் சாஸைக் காய்ச்சுவார்கள். குறுக்குவழி: மயோனைஸில் ஒரு ஸ்பூன் வறுத்த கறிப்பொடி, ஆப்ரிகாட் ஜாம் ஒரு ஸ்பூன், எலுமிச்சை கலந்து ஆறிய சிக்கனைப் புரட்டுங்கள். ஜாம் இல்லாவிட்டால் மாங்காய்ச் சட்னி.

பானசவாடியிலிருந்து: கடைசியில் இனிப்பு?

ஐயங்கார் பேக்கரியில் வாங்கிய ரொட்டி காய்ந்து கிடக்கிறதா? ஆறு துண்டு, அரை லிட்டர் பால், மூன்று முட்டை, ஆறு ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் ஜாதிக்காய். அரை மணி ஊறவைத்து இட்லிப் பானையில் 35 நிமிஷம் ஆவியில் வேகவிடுங்கள். கத்தி குத்தினால் சுத்தமாக வரவேண்டும். மூடியில் சேரும் தண்ணீர் சொட்டாமல் இருக்கப் பாத்திரத்தின் வாயைத் துணியால் கட்டிவிடுங்கள்.