மாடிப்படியில் இறங்கும் அந்த உருவம்

கேள்வி: இங்கிலாந்து மாளிகை ஒன்றின் மாடிப்படியில் முக்காடு போட்ட பேய் இறங்கி வருவதுபோல ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. கணவன் பூட்டிவைத்துச் சாகடித்த பெண் என்கிறார்கள். நிஜமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: படம் பழையதுதான், இப்போது கம்ப்யூட்டரில் செய்ததில்லை. நார்ஃபோக்கில் இருக்கும் ரெய்னம் ஹால் அது. 1619-ல் கட்டத் தொடங்கியது, டவுன்ஷென்ட் குடும்பத்தின் மாளிகை. 1936 செப்டம்பர் 19 அன்று அங்கே படமெடுக்கப் போன இருவரில் ஷீரா என்பவர் படியில் ஏதோ இறங்குகிறது என்று கத்திக்கொண்டே ஃப்ளாஷை அடித்தார்; கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த கேப்டன் ப்ரோவாண்ட் ஒன்றையும் பார்க்கவில்லை. அந்த டிசம்பரிலேயே ‘கன்ட்ரி லைஃப்’ இதழ் படத்தை வெளியிட்டது. பின்னாளில் உற்றுப் பார்த்தவர்கள், ஒவ்வொரு படிக்கு மேலும் வெளிறிய கோடு ஒன்று ஓடுவதையும், கைப்பிடியில் ஒரே வெளிச்சம் இரண்டு தடவை விழுந்திருப்பதையும் காட்டினார்கள். ஒரு படத்தின்மேல் இன்னொன்று பதிந்தால்தான் அப்படி வரும். எனக்கு அதுவே போதும், இது பேய் இல்லை.

கதை மட்டும் படத்தைவிட நூறு வருஷம் மூத்தது. 1835 கிறிஸ்துமஸுக்கு வந்த கர்னல் லாஃப்டஸ், பழுப்பு உடையில் ஒரு பெண்ணைப் பார்த்ததாகவும், கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் குழி இருந்ததாகவும் சொன்னார். மறுவருஷம் நாவலாசிரியர் கேப்டன் மாரியட் அதைத் துப்பாக்கியால் சுட்டார் என்பார்கள், ஆனால் அதை எழுதியது அவர் இல்லை, அவர் மகள், அதுவும் அப்பா இறந்து பல வருஷம் கழித்து 1891-ல்!

அந்தப் பெண் என்று சொல்லப்படுபவர் டோரத்தி வால்போல், பிரிட்டனின் முதல் பிரதமர் ராபர்ட் வால்போலின் தங்கை. 1713-ல் சார்லஸ் டவுன்ஷென்டுக்கு இரண்டாம் மனைவியானார். மாட்டுத் தீவனத்துக்கு டர்னிப் என்ற கிழங்கைப் பயிரிடுவதைப் பரப்பி ‘டர்னிப் டவுன்ஷென்ட்’ என்று பேர் வாங்கியவர் இவர்தான். அவர் மனைவியைச் சந்தேகப்பட்டுப் பூட்டிவைத்தார் என்பது வாய்வழிப் பேச்சு. பதிவில் உள்ளது, டோரத்தி 1726-ல் பெரியம்மையில் இறந்தார் என்பதே. நாற்பதுகூட நிறையாத வயதில், பிள்ளைகளை விட்டுவிட்டு அம்மையில் போன ஒரு தாயைக் கண்ணில்லாத பேயாக்கி வைத்திருக்கிறோமே என்றுதான் எனக்கு ஆற்றாமை. அடுத்தமுறை அந்தப் படம் வந்தால் கூடவே அவர் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.