கோயில் பார்க்க வருகிறவர்களால் ஊருக்கு என்ன வரவு?

கும்பகோணம் பக்கம் லாட்ஜ்களுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதுகிறவன் நான். சுற்றுலாவால் டெல்டாவுக்கு என்ன கிடைக்கிறது என்று நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தெரிந்த வரையில் பதில்.

ஐயா, பெரிய கோயிலுக்கு உலகமே வருகிறது. அந்த வசூல் எங்கே போகிறது? (தஞ்சாவூர்)

வசூலே கிடையாதுங்க. உள்ளே போக டிக்கெட் இல்லை. 1987-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகும் அப்படித்தான். 2004-ல் சேர்ந்த தாராசுரத்திலும் இல்லை. சம்பாத்தியம் முழுக்க மதிலுக்கு வெளியேதான்.

திருச்சியில் விமானம் இறங்கி, காலையில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, மதியமே காரைக்குடிக்குக் கிளம்பிவிடுகிறவர் நமக்கு விட்டுப் போவது ஒரு சாப்பாட்டுக் காசு. அவரே ஒரு ராத்திரி தங்கினால் கதை வேறு. அறை வாடகை, ராத்திரி டிபன், காலையில் டிகிரி காப்பி, ஆட்டோ. அந்த வாடகையிலிருந்து படுக்கை விரிப்பு துவைப்பவருக்கு, ரூம்பாய்க்கு, பால்காரருக்கு, வாழை இலைக்காரருக்கு என்று காசு ஊருக்குள்ளேயே நாலு கை மாறும். எத்தனை பேர் வந்தார்கள் என்று பெருமை பேசுகிறோமே தவிர, எத்தனை பேர் தங்கினார்கள் என்று கேட்பதில்லை.

அண்ணா, 2028 மகாமகத்தை நம்பி லாட்ஜ் கட்டலாமா? (கும்பகோணம்)

வேண்டாம் தம்பி. போனது 2016, அதற்கு முன் 2004. நடுவில் பன்னிரண்டு வருஷ வட்டியை யார் கட்டுவது? இங்கே அறைகளை நிரப்புவது நவக்கிரகச் சுற்றும் கல்யாண முகூர்த்தமும். சனி, ஞாயிறு இடம் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை சாவிகள் பலகையிலேயே தொங்கும். ஐப்பசி அடைமழையில் ஒரு செவ்வாய்க்கிழமை எத்தனை அறை போகும் என்று பார்த்துவிட்டு பேங்குக்குப் போங்கள்.

திருநள்ளாறு சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தால் லாபம் நமக்கா, புதுச்சேரிக்கா? (பேரளம்)

ஊர் காரைக்காலில் இருப்பதால் அங்கே செலவாகும் காசின் வரி புதுச்சேரிக்கு. கும்பகோணத்தில் அறை எடுத்து, இங்கேயே கார் பிடித்துப் போகிறவர்களால் நமக்கும் உண்டு.

சார், எங்கள் தெருவில் வெளிநாட்டுக்காரர்கள் நடமாட்டம் இருக்கிறது. வெண்கலச் சிலைப் பட்டறையில் காசு நிற்கவில்லையே? (சுவாமிமலை)

ஏன் நிற்கும்? காவிரி வண்டலில் அச்சு எடுத்து, மெழுகை உருக்கி, உலோகம் வார்த்து, அந்த அச்சையும் உடைத்துவிட்டு மாதக்கணக்கில் செதுக்குகிறீர்கள். கூட்டி வந்த கார்காரரோ அரைமணி நேரத்துக்குக் கமிஷன் வாங்கிக்கொண்டு போகிறார். அது கொடுக்காவிட்டால் அடுத்த முறை வண்டி வேறு கடை வாசலில் நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு ஸ்தபதி, வருகிறவர்களை முதலில் உலைக்கருகே உட்கார வைத்து வார்ப்பதைக் காட்டுவார். அப்புறம்தான் விலை பேசுவார். பேரம் குறைந்துவிட்டது என்கிறார். சுவாமிமலைச் சிலைக்கென்றே புவிசார் குறியீடு இருப்பதையும் சொல்லுங்கள். பழம்பொருள் இல்லை என்ற தொல்லியல் துறைச் சான்றுக்கு ஏற்பாடு செய்துகொடுத்தால், விமான நிலையத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் வாங்குகிறவர்களுக்குப் போகும்.

நஞ்சையை ரிசார்ட்டுக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (வலங்கைமான்)

நிலம் உங்களுடையது, அம்மா. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் உங்கள் குத்தகைக்காரரிடம் முதலில் பேசிவிடுங்கள். நிலம் கைமாறினால் அவருடைய சம்பா நடவும் போய்விடும்.