காதால் கேட்டு எழுதிய டேப் யாருக்குச் சொந்தம்?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பங்குக் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். சாயங்காலம் வீட்டில் எட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் கிட்டார் டேப்பை (எந்தக் கம்பியை எந்த ஃப்ரெட்டில், அதாவது எந்தக் கட்டத்தில், அழுத்துவது என்று ஆறு கோட்டில் எண்ணால் காட்டும் குறிப்பு) எடுத்து, ராமேஸ்வரத்தில் ஜெராக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குத் தருவது வழக்கம். முப்பது சினிமாப் பாட்டுகளுக்கு நானே காதால் கேட்டு டேப் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பி.டி.எஃப். ஆக்கி நூறு ரூபாய்க்கு விற்கலாமென்றால், காப்பிரைட் சிக்கல் வரும் என்கிறார் நண்பர். நான் எழுதியதுதானே? டேப்பை முறையாக எங்கே தேடுவது என்றும் சொல்லுங்கள்."

நண்பர் சொன்னது சரி. உழைப்பு உங்களுடையது, மெட்டு உங்களுடையதல்ல. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 'இசைப் படைப்பு' என்பதற்கு விளக்கம் சொல்லும்போதே, அந்த இசையை எழுதிக்காட்டும் குறியீட்டையும் அதற்குள் சேர்த்துவிடுகிறது. ஓர் இசையை வேறு கருவிக்கு அமைப்பதும், கேட்டு எழுத்தில் இறக்குவதும் 'தழுவல்' என்று 2ஆம் பிரிவு சொல்கிறது. தழுவல் செய்யும் உரிமை பாட்டின் உரிமையாளருக்கே என்கிறது 14ஆம் பிரிவு. ஆறு கோட்டு டேப், ஐந்து கோட்டு ஸ்டாஃப், சரிகம எழுத்து எல்லாம் இதில் ஒன்றுதான். (செய்தித்தாள்கள் இதைக் 'காப்புரிமை' என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பேடன்ட்டுக்கு உரிய சொல். பாட்டுக்கு இருப்பது பதிப்புரிமை.)

அதற்காக டேப் என்றாலே குற்றம் என்று கிட்டாரை உறையில் போட வேண்டாம். 52ஆம் பிரிவு நிறைய வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தாள் உங்கள் கையை விட்டு எங்கே போகிறது?

சொந்தப் பயிற்சிக்கு ஒரு பாட்டை எழுதி வைத்துக்கொள்வது 'தனிப்பட்ட உபயோகம்'. நியாயமான அளவில் சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆசிரியரோ மாணவரோ பாடம் நடத்தும் போக்கில் ஒரு படைப்பை நகலெடுப்பதும் மீறல் ஆகாது. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் டெல்லி உயர்நீதிமன்றம் இந்த விதியைத்தான் அலசியது. எத்தனை பக்கம் என்பதைவிட, கற்பிக்கும் நோக்கத்துக்கு அந்த நகல் தேவைதானா என்பதே அங்கே அளவுகோலானது. ஆகவே இந்த வாரப் பாடத்துக்கான எட்டு வரி டேப்பை எட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதற்கு அந்த விதி துணை நிற்கும். கடையில் விற்கும் டேப் புத்தகத்தை முழுசாக ஸ்கேன் செய்து, ஸ்பைரல் போட்டு, 'நோட்ஸ் கட்டணம்' வாங்கினால் நிற்காது.

வாட்ஸ்அப்பிலும் கணக்கு அதேதான். வகுப்புக் குழுவில் எட்டுப் பேருக்கு அனுப்பினால் பாடம். இருநூறு பேர் இருக்கும் கிட்டார் குழுவுக்குத் தள்ளிவிட்டால் அது 'பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்தல்'. அதை யாராவது திறந்து பார்த்தார்களா என்று சட்டம் கேட்பதில்லை, கிடைக்கும்படி வைத்ததே போதும்.

கோயிலில் வாசிப்பது தனிக் கதை. மெய்யான சமயச் சடங்கில் பாட்டை நிகழ்த்துவது மீறலல்ல, திருமணமும் அதைச் சார்ந்த கொண்டாட்டமும் இதில் அடக்கம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. திருவிழா மேடையில் அமெச்சூர் குழு டிக்கெட் இல்லாமல் வாசிப்பதற்கும் விலக்கு உண்டு. ஆனால் இவை நிகழ்த்துவதற்கான விலக்குகள். பாடல் வரியும் டேப்பும் சேர்த்து ஐந்நூறு பிரதி அச்சடித்து விற்பதை இவை காப்பாற்றாது. கடற்கரை ரிசார்ட்டில் சம்பளத்துக்கு வாசித்தால், இசையமைப்பாளர், பாடலாசிரியர் சார்பில் உரிமம் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தின் உரிமம் எடுத்தாகிவிட்டதா என்று முதலிலேயே நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த உரிமமும் மேடைக்குத்தான், டேப் அச்சடிக்க அல்ல.

முப்பது பாட்டுப் பி.டி.எஃப். இந்த எந்த வாசலிலும் நுழையாது. "இசையமைப்பாளர் பெயரைப் போட்டுவிட்டேன்", "ஏழு சுரத்துக்குக் குறைவாகத்தான் எடுத்தேன்" என்பதெல்லாம் காற்றுவாக்கில் வந்த சட்டம், புத்தகத்தில் கிடையாது. காசு வாங்காமல் கொடுத்தாலும் மீறல் மீறல்தான், தண்டனைதான் குறையலாம். 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, நீதிமன்றம் மனம்வைத்தால்தான் ஜாமீன் கிடைக்கும் குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்கத்தான் வேண்டுமென்றால் அனுமதி எழுத்தில் வேண்டும். சினிமாப் பாட்டில் பெரும்பாலும் அந்த உரிமை ஆடியோ நிறுவனத்திடம் இருக்கும். அதிகாரபூர்வ வீடியோவின் விளக்கப் பகுதியில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். பாட்டு, பிரதி எண்ணிக்கை, விலை, அச்சா மின்வடிவா என்று நான்கையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்து) தாள் பற்றி ஒரு வார்த்தை. நான்கு கார்டு கொண்ட ஒரு வரிசை பொதுவாக யாருக்கும் சொந்தமில்லை, அதே வரிசையில் நூறு பாட்டு இருக்கும். கார்டுக்குக் கீழே முழுப் பாடல் வரியையும் தட்டச்சு செய்கிறீர்களே, வில்லங்கம் அங்கேதான். வரி தனியாக ஓர் இலக்கியப் படைப்பு, அதற்கு வேறு உரிமையாளர்.

எந்தப் பாட்டு இப்போது எல்லாருக்கும் பொது? படைப்பாளி இறந்த ஆண்டோடு 60 கூட்டுங்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை உரிமை இருக்கும். ஜி. ராமநாதன் மறைந்தது 1963. அவர் போட்ட மெட்டுகள் 2024 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973, ஆகவே அவர் எழுதியவை 2033 முடியும்வரை உரிமைக்குள். மெட்டு ஜி. ராமநாதனுடையது, வரி சிவனுடையது என்றால் மெட்டை மட்டும் டேப்பில் எழுதலாம், வரியை அச்சடிக்கக் கூடாது. இருவர் சேர்ந்து அமைத்த மெட்டுக்குக் கடைசியாக மறைந்தவரை வைத்துக் கணக்கு: ராமமூர்த்தி 2013, விஸ்வநாதன் 2015, ஆகவே 2075. ஒலிப்பதிவுக்குக் கணக்கு வேறு, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு.

இதில் பலர் இடறுவது ஒரு இடத்தில். இந்தியாவில் பொதுவாகிவிட்ட 1950களின் மெட்டுக்கு அமெரிக்காவில் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு உரிமை இருக்கக்கூடும். அங்குள்ள தளத்தில் ஏற்றிய டேப்பை நீக்கினால், உங்கள் கணக்கு தப்பு என்று அர்த்தமில்லை. நாடு வேறு, அவ்வளவுதான்.

இனி, தேடுவது. டேப் தளங்களின் வரலாறே பதிப்புரிமைச் சண்டைதான். 1992இல் தொடங்கிய ஓல்கா என்ற இலவசக் களஞ்சியம், இசைப் பதிப்பாளர்களின் நோட்டீஸால் 2006இல் மூடப்பட்டது. அல்டிமேட் கிட்டார் என்ற தளம் 2010இல், பதிப்பாளர்கள் சார்பில் உரிமம் தரும் ஹாரி ஃபாக்ஸ் ஏஜென்சியுடன் உரிம ஒப்பந்தம் போட்டது. ஆங்கிலப் பாட்டுக்கு அங்கேயே தேடுங்கள். சாங்ஸ்டரில் டேப் ஓட ஓட ஒலியும் கேட்கும், தாளம் பிடிபடும். மியூசிக்நோட்ஸில் பாட்டுக்குப் பாட்டு காசு கொடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம்.

தமிழ்ப் பாட்டுக்கு அங்கே கிடைப்பது குறைவு. கிடைப்பதும் பயனர்கள் கேட்டு எழுதியவை. தமிழ் எழுத்தில் தேடினால் பாடல் வரித் தளங்கள்தான் கொட்டும். பாட்டின் முதல் இரண்டு சொல்லை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதி, படத்தின் பெயரோடு 'கிட்டார் டேப்', 'லீட்', 'ஃபிங்கர்ஸ்டைல்' ஆகியவற்றை ஆங்கிலத்திலேயே சேர்த்துத் தேடுங்கள். இறக்கும் கோப்பைத் திறக்குமுன் அதன் பெயரின் கடைசியைப் பாருங்கள். டேப் என்றால் டி.எக்ஸ்.டி., பி.டி.எஃப்., மிடி, அல்லது கிட்டார் ப்ரோவின் ஜி.பி.5, ஜி.பி.எக்ஸ். ஆக இருக்கும். ஏ.பி.கே. என்றோ இ.எக்ஸ்.இ. என்றோ வந்தால் அது டேப் அல்ல, வலை. கிட்டார் ப்ரோ வாங்க வேண்டியதில்லை, டக்ஸ்கிட்டார் என்ற இலவச மென்பொருள் போதும். டெலிகிராமில் 'பத்தாயிரம் டேப் பேக்' விற்பவர்கள் பக்கமே போகாதீர்கள்.

கிளாசிக்கல் கிட்டாருக்குக் காசும் வேண்டாம், கவலையும் வேண்டாம். சோர் 1839இல் மறைந்தவர், கார்கஸ்ஸி 1853, தார்ரெகா 1909. மூவரின் படைப்புகளும் முட்டோபியா, ஐ.எம்.எஸ்.எல்.பி. தளங்களில் கிடைக்கின்றன. ஆனால் பழைய இசைக்கு நேற்று ஒருவர் புதிதாக அமைத்த டேப்பில் அவருக்கு உரிமை உண்டு, ஆகவே ஒவ்வொரு கோப்பின் மேலும் உள்ள உரிமக் குறிப்பைப் படியுங்கள்.

எனக்கு இதைவிட வளமாகத் தெரிவது நம் பக்கத்துச் சரக்கு. 1904இல் எட்டயபுரத்திலிருந்து வந்த, சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கமகக் குறிகளோடு சுரம் இருக்கிறது. அவர் மறைந்தது 1906. ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார் 1919இல் மறைந்தவர், அவர் உருப்படிகளும் பொது. சுரத்தை டேப்பாக்குவது எளிது. மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டை ஸ ஆக வைத்தால், கை நகராமலேயே மேல் ஸ வரை வந்துவிடும்:

1|-----------------
2|-------------0-1-
3|---------0-1-----
4|-----2-3---------
5|-3-4-------------
6|-----------------

ஸரி ஐந்தாம் கம்பியில், கம நான்கில், பத மூன்றில், நிஸ இரண்டில். சரளிவரிசை முழுவதையும் இதிலேயே எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். உரிமை கேட்க ஆள் இல்லை. கமகம் வரும் இடத்தில் எண்ணை மட்டும் எழுதினால் ஹார்மோனியம் மாதிரி ஒலிக்கும். எந்த ஃப்ரெட்டிலிருந்து எந்த ஃப்ரெட்டுக்கு வழுக்க வேண்டும் என்று சாய்கோட்டால் காட்டுங்கள்.

டேப் சரி, ஆனால் பாட்டு வரவில்லை என்றால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, தலைகீழாகப் படிப்பது: மேல் கோடு மெல்லிய கம்பி, கீழ்க் கோடு தடித்த கம்பி. இரண்டாவது கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி. மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ என்றால் டேப்பில் 0 என்பது கேப்போ நிற்கும் இடம். பழைய ஒலிப்பதிவுகள் இரண்டு சுருதிக்கு நடுவிலும் நிற்கும், அப்போது கிட்டாரைத்தான் பாட்டுக்குச் சேர்க்க வேண்டும். மூன்றாவது உப்புக்காற்று. துருவேறிய கம்பி மேல் ஃப்ரெட்டுக்குப் போகப்போகச் சுதி விலகும். 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டும் ஹார்மோனிக்கும் ஒன்றாக இல்லையென்றால், டேப்பைத் திட்டாமல் கம்பியை மாற்றுங்கள்.

அச்சில் கோடு கலைவது எழுத்துருவால். எல்லா எழுத்தும் ஒரே அகலமாக உள்ள கூரியரை 10 புள்ளியில் வைத்தால் ஏ4 தாளில் வரிக்கு 70 குறி அமையும். வாட்ஸ்அப்பில் டேப்பின் முன்னும் பின்னும் மூன்று மூன்று பேக்டிக் குறி போட்டால் அங்கேயும் கோடு நேராகும், ஆனால் வரி சுமார் 30 குறிக்குள் இருந்தால்தான் போனில் மடங்காது.

அந்த நூறு ரூபாய்ப் புத்தகத்தை விட்டுவிடாதீர்கள், உள்ளடக்கத்தை மாற்றுங்கள். சரளி, ஜண்டை வரிசைகள், தார்ரெகாவின் சிறு துண்டுகள், ஜி. ராமநாதனின் சில மெட்டுகள் வரியில்லாமல். கோயிலுக்கென்றால் 1889இல் மறைந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனை வரிகள் இருக்கின்றன. இன்று பாடும் மெட்டு பின்னால் வந்தவர் போட்டதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த டேப் அமைப்புக்கு உரிமை உங்களுக்கே, பதிவு செய்யாமலேயே. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூலப் படைப்பாளியின் பெயர், மறைந்த ஆண்டு, 'கிட்டார் அமைப்பு' என்று உங்கள் பெயர், ஆண்டு ஆகியவற்றை ஒரே வரியில் அச்சிட்டுவிடுங்கள்.