ஓபியொயிட் மருந்துகள் மூளையின் எந்தக் கலங்களில் செயற்படுகின்றன?

அபினியிலிருந்து கிடைக்கும் மோர்பின், அதிலிருந்து செய்யப்படும் ஹெரோயின் (கொழும்பில் ‘குடு’ என்றால் எவருக்கும் விளங்கும்), ஆய்வுகூடத்தில் உருவாகும் பெந்தனில் ஆகியவற்றின் பொதுப்பெயரே ஓபியொயிட். இவை பெரும்பாலும் ‘மியூ’ எனப்படும் ஏற்பியை, அதாவது மருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் புரதத்தைக் கொண்ட நரம்புக் கலங்களிலேயே செயற்படுகின்றன.

நடுமூளையில் டோபமைனைச் சுரக்கும் கலங்களும், காபா என்ற வேதிப்பொருளைச் சுரந்து அவற்றை அடக்கி வைக்கும் கலங்களும் உள்ளன. மருந்து முதலில் மௌனமாக்குவது இந்த அடக்கும் கலங்களைத்தான். அதனால் டோபமைன் கலங்கள் கட்டவிழ்ந்து, இன்ப உணர்வோடும் நாட்டத்தோடும் தொடர்புடைய டோபமைனை மிகையாக வெளிவிடுகின்றன. பம்பலப்பிட்டிச் சந்தியில் கைகாட்டி மறிக்கும் பொலிஸ்காரர் கண்ணயர்ந்தால், யாரும் விரட்டாமலேயே காலி வீதியில் வாகனங்கள் பாயும் அல்லவா, அதைப் போன்றதே இது.

மூளைத்தண்டில் நிலைமை வேறு. அங்கே சுவாசத்தின் தாளத்தை உண்டாக்கும் கலங்களிலும் அதே ஏற்பி இருப்பதால், அளவு மிஞ்சினால் மூச்சு மந்தமாகி நின்றுவிடக்கூடும். நலொக்சோன் என்ற மாற்றுமருந்து அந்த ஏற்பியிலிருந்து ஓபியொயிட்டை விலக்கியே உயிரைக் காக்கிறது.

புற்றுநோய் வலிக்கு வைத்தியர் அளந்து தரும் மோர்பின் நோயாளியைக் கட்டாயம் அடிமையாக்கும் எனப் பலர் அஞ்சுகின்றனர். ஆனால் உடல் மருந்துக்குப் பழகுவதும், தீங்கென்று அறிந்தும் அதைத் தேடி அலையும் அடிமைநிலையும் ஒன்றல்ல.